வலை மணிக்கட்டிலிருந்தா, கருவியிலிருந்தா?

1962இல் காமிக்ஸில் பிறந்த ஸ்பைடர்மேன், வலை வீசும் கருவியைத் தானே செய்துகொண்ட பள்ளி மாணவன். 2002இல் இயக்குநர் சாம் ரைமி அந்தக் கருவியைக் கழற்றி எறிந்தார். சிலந்தி கடித்ததும் மணிக்கட்டிலிருந்தே வலை பாய்ந்தது. நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. 2004இல் வந்த இரண்டாம் படத்தில் மனம் தளர்ந்தவுடன் வலையும் வற்றிப்போகிறதே, அது எந்தக் கருவியாலும் ஆகாத காரியம்.

2012இல் வந்த புதிய படத்தில் இயக்குநர் மார்க் வெப் (பெயரிலேயே வலை!) கருவியைத் திரும்பக் கொண்டுவந்தார். சிலந்தி கொடுத்தது பாதி, மூளை கொடுத்தது மீதி என்பது அதில் தெரிகிறது. கருவி பழுதாகலாம் என்பதால் சண்டையில் கூடுதல் பதற்றமும் உண்டு.

மூலத்துக்கு நெருக்கம் வெப்தான். ஆனாலும் என் ஓட்டு ரைமிக்கே: கூரைமேல் நின்று விரல்களை மடக்கி மடக்கி வலையை வரவழைக்கப் பார்க்கிறானே அந்தப் பையன், அதற்காக.