இரண்டில் மேற் புதிர்களுக்கு லிசெஸ்: எங்கே உதவும், எங்கே பழுதாக்கும்

யாழ்ப்பாணத்தில் சதுரங்கப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் போனில் லிசெஸ் கிடக்கும். காசு இல்லை, விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிற சதுரங்கத் தளம். விளையாடுவதற்கு அதைப்பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'வெள்ளை தொடங்கி இரண்டு நகர்வில் மேற்' (மேற் என்றால் இராசா தப்பமுடியாத செக்) என்று ஒருவர் யோசித்துக் கட்டிய புதிர்களைத் தீர்க்க அது எவ்வளவு தோதானது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் அதன் புதிர்ப் பக்கம். அங்கே 'இரண்டில் மேற்' என்ற தலைப்பு உண்டு. ஆனால் அவை யாரோ ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தவை. செக் வைத்தோ வெட்டியோ தொடங்கினால் பெரும்பாலும் சரிவரும். கறுப்பு எப்படித் தடுக்கும் என்பதை நிரலே தெரிவுசெய்து ஆடிவிடும், மற்றத் தடுப்புகளை யாரும் உங்களிடம் கேட்பதில்லை. கட்டிய புதிரில் எல்லாம் தலைகீழ். முதல் நகர்வு அநேகமாகச் சத்தமில்லாதது, செக்கோ வெட்டோ இராது, அதுவும் ஒன்றே ஒன்றுதான், கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் மேற் காட்டவேண்டும். அந்தப் பக்கத்தில் நாள்முழுக்கப் பயிற்சி எடுத்தால் வேகம் வரும். கூடவே செக்கைத்தான் முதலில் தேடுகிற பழக்கமும் வரும், அது இங்கே கெடுதல்.

பலகையில் காய் அடுக்குகிற எடிற்றர்தான் உண்மையில் பிரயோசனமானது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆட்டக்காரர் மோர்பியின் பெயரில் வழங்கும் பழைய புதிரை அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: இராசா சீ8, கோட்டை ஏ1, காலாள் பீ6. கறுப்பு: இராசா ஏ8, மந்திரி பீ8, காலாட்கள் ஏ7, பீ7. எஞ்சினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் நிரலை, போட்டவுடன் கோட்டை ஏ6 என்று விடை வந்துவிடும், கீழே ஒரே ஒரு வரி: காலாள் கோட்டையை வெட்ட, வெள்ளைக் காலாள் பீ7இல் மேற். அவ்வளவோடு நிறுத்தினால் புதிர் விளங்கவே விளங்காது.

எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, கோட்டையை ஏ2இல் வைத்துப் பாருங்கள். மந்திரி எங்கே நகர்ந்தாலும் கோட்டை ஏ7ஐ வெட்டி மேற்தான். பிறகு ஏன் ஏ6? ஏ7 காலாள் கட்டுண்டு நிற்பதால் (விலகினால் தன் இராசாவுக்குச் செக்) பீ6ஐ வெட்டமுடியாது, ஆனால் நேரே ஏ6க்கோ ஏ5க்கோ போகலாம். போனால் இன்னொரு நகர்வு தேவைப்படும். கோட்டை ஏ6இல் குந்தினால் அந்த வழியும் அடைபட்டுவிடும், மந்திரியை நகர்த்துவது அல்லது கோட்டையை வெட்டுவது தவிர கறுப்புக்கு வேறு கதி இல்லை. எஞ்சின் ஏ2க்கு 'மூன்றில் மேற்' என்று எண்ணைக் காட்டுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

எஞ்சினை வைத்திருக்கவேண்டியது சரிபார்க்கத்தான். எஞ்சின் காட்டும் வரிகளின் எண்ணிக்கையை ஐந்துக்குக் கூட்டுங்கள். இரண்டு முதல் நகர்வுகளுக்கு 'இரண்டில் மேற்' காட்டினால், புதிரே பிழை, அல்லது நீங்கள் அடுக்கியது பிழை. அநேகமாக இரண்டாவதுதான். ஒரு காலாள் விடுபட்டிருக்கும், மந்திரி ஒரு கட்டம் தள்ளி நிற்கும். புத்தகப் படத்தின் கீழே 3+4 என்று போட்டிருப்பது வெள்ளை, கறுப்புக் காய்களின் தொகை, அதை எண்ணிப் பார்த்தாலே பாதிப் பிழை பிடிபடும். இன்னொன்று கோட்டை கட்டும் (காஸ்லிங்) உரிமை. இராசாவும் கோட்டையும் சொந்த இடத்தில் நின்றால், முடியாது என்று நிரூபிக்கப்படாதவரை கட்டலாம் என்பதுதான் புதிர் மரபு. எடிற்றரில் அந்தப் பெட்டியை நீங்களே பார்த்துச் சரிசெய்யவேண்டும். போகிற காலாளை வெட்டுவது (ஆன் பசான்) மட்டும் எதிர்மாறு, கடைசி நகர்வு அந்தக் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்ததுதான் என்று நிரூபித்தால்தான் செல்லும்.

ஆசிரியர்களுக்கு 'ஸ்ரடி' பகுதி கைகொடுக்கும். ஒன்றில் 64 அத்தியாயம் வரை போடலாம். ஊடாட்டப் பாடமாக வைத்தால் பிள்ளை பிழையாக நகர்த்தும்போது நீங்கள் எழுதிவைத்த விளக்கம் வரும். மேலே சொன்ன ஏ2 போன்ற பொய்வழிகளுக்கு ஏன் சரிவராது என்று எழுதிவைப்பதுதான் இதில் பெறுமதியான வேலை. கொஞ்சம் நேரம் தின்னும்.

உலகப் புதிர்தீர்ப்புப் போட்டியின் முதல் சுற்றில் 'இரண்டில் மேற்' மூன்று, நேரம் 20 நிமிடம். அந்த வகைக்கு முதல் நகர்வை மட்டும் எழுதினால் போதும், எழுதுவது கடதாசியில். ஆகவே திரையில் மட்டும் பழகியது காணாது, காய் வைத்துப் பார்க்கிற பலகை ஒன்றும் வேண்டும்.

உதவி மேற் (இரு பக்கமும் சேர்ந்து மேற் ஆக்குவது), தன்மேற் (தனக்கே மேற் வைக்க எதிராளியை வற்புறுத்துவது) போன்ற வகைகளுக்கு லிசெஸின் எஞ்சின் ஆகாது, அது தன் பக்கம் வெல்லத்தான் பார்க்கும். அதற்கு 'பொப்பை' என்ற இலவச நிரல் இருக்கிறது, கொம்பியூட்டரில் எழுத்தாகக் கொடுக்கவேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: ஆங்கிலத்தில் கொடுக்கும்போது குதிரைக்கு 'எஸ்' போடவேண்டும். பழக்கத்தில் 'என்' போட்டால் அது 'நைற்ரைடர்' என்ற வேறு காய். நிரல் ஒன்றும் முறையிடாமல் ஏற்றுக்கொண்டு, வேறொரு புதிருக்கு விடை தரும்.