லென்ஸ் இல்லாமல் செல் பார்க்க ராஸ்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பை (நுண்ணிய சேனல்களில் திரவம் ஓடும் சிறு தகடு) நேரே கேமரா சென்சாரின் மேல் வைத்து, மேலிருந்து எல்இடி வெளிச்சம் பாய்ச்சினால், செல்லின் நிழலும் அதைச் சுற்றி வளையங்களும் பதியும். இந்தப் பதிவுதான் ஹோலோகிராம்; செல்லின் படத்தைக் கணினி இதிலிருந்து மறுகட்டமைக்கும். இந்த வேலைக்கு, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான இந்த மாட்யூலை எடுக்கக் காரணம் அதிலுள்ள சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சார்தான்: 1.12 மைக்ரான் பிக்சல், 3280 × 2464, பரப்பு 3.68 × 2.76 மி.மீ. ஏறக்குறைய 10 சதுர மி.மீ. ஒரே படத்தில் கிடைக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் 20 மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்ஸில் இதன் ஒரு மூலைதான் தெரியும்.

லென்ஸைத் திருகிக் கழற்றினால் மட்டும் போதாது. கறுப்புக் கூடும் அதிலுள்ள அகச்சிவப்பு ஃபில்டரும் சிப்பைத் தூக்கி நிறுத்திவிடும். கூட்டை மெல்லிய பிளேடால் மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். சென்சாரின் ஓரத்தில் தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகள் இருக்கின்றன. பிளேடு நுனி ஒருமுறை உரசினால் மாட்யூல் போச்சு. உதிரி ஒன்று கையில் இருக்கட்டும். தூசியை ஊதுங்கள், துடைக்காதீர்கள்.

படத்தின் தரத்தை முடிவு செய்வது மெகாபிக்சல் அல்ல, செல்லுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி. 530 நா.மீ. பச்சை எல்இடியின் நிறப்பட்டை சுமார் 30 நா.மீ. அகலம், அதன் ஒத்திசைவு நீளம் (ஒளிப்பாதைகளின் வேறுபாடு இதைத் தாண்டினால் வளையங்கள் மங்கிவிடும்) 9 மைக்ரான்தான். இடைவெளி 1 மி.மீ. என்றால் 2 மைக்ரானுக்குக் கீழே விவரம் கிடைக்காது. 0.4 மி.மீ.க்கு இறக்கினால் ஒளியின் பக்கம் சுமார் 1.2 மைக்ரான் வரை வழி திறக்கும். ஆகவே சேனல் உள்ள பிடிஎம்எஸ்ஸை (ஒளி புகும் சிலிகோன் ரப்பர்) 1 மி.மீ. ஸ்லைடில் ஒட்டாமல் 0.15 மி.மீ. கவர் ஸ்லிப்பில் ஒட்டுங்கள். கம்பிகளைத் தொடாதபடி ஓரத்தில் 0.2 மி.மீ. ஸ்பேசர் வையுங்கள். எல்இடிக்கு முன் 100 மைக்ரான் பின்ஹோல் (ஊசித்துளை), சிப்புக்கு 10 செ.மீ. உயரத்தில். லேசர் வேண்டாம்: கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியே கோடு கோடாகப் படத்தில் ஏறிவிடும்.

ஜேபெக் படத்தை நம்ப வேண்டாம். இப்போது இல்லாத லென்ஸுக்காக மென்பொருள் ஓரங்களைப் பிரகாசமாக்கும், கூடவே வளையங்களைத் தேவையற்ற இரைச்சல் புள்ளிகளென்று நினைத்து மழுக்கும். 10 பிட் ரா (பதப்படுத்தாத சென்சார் தரவு) எடுத்து, கெயினை (சிக்னல் பெருக்கத்தை) 1இல் நிறுத்தி, பச்சைப் பிக்சல்களை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த 8 மெகாபிக்சலில் பச்சை பாதிதான். ஓரத்துப் பிக்சல்களின் மேலுள்ள நுண்லென்ஸ்கள் பழைய லென்ஸின் சாய்வுக்கு ஏற்ப நகர்த்தி வைக்கப்பட்டவை, அதனால் அங்கே நிறம் பக்கத்துப் பிக்சலில் கசியும். சேனலை நடுவில் ஓட்டுங்கள்.

பெரிய குறை ரோலிங் ஷட்டர்: சென்சார் படத்தை ஒரே நேரத்தில் அல்ல, வரிசை வரிசையாகப் பதிக்கிறது. 500 × 100 மைக்ரான் சேனலில் நிமிடத்துக்கு 3 மைக்ரோலிட்டர் விட்டால் வேகம் நொடிக்கு 1 மி.மீ. ஒரு ஹோலோகிராம் 200 வரிசைகளில் பரவும்; அத்தனையையும் படித்து முடிக்கச் சுமார் 4 மில்லிநொடி ஆகும், அதற்குள் செல் 4 மைக்ரான் நகர்ந்துவிடும். வளையம் நசுங்கும், மறுகட்டமைப்பில் செல் முட்டை வடிவில் வரும். இருட்டில் வைத்து, எல்லா வரிசைகளும் திறந்திருக்கும் நேரத்தில் எல்இடியை 1 மில்லிநொடி மட்டும் மின்னவைத்தால் சரியாகும். ஆனால் எக்ஸ்போஷர் நீளும், பட வேகம் குறையும்.

இரத்தத்தை 10,000 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். மைக்ரோலிட்டருக்கு 50 லட்சம் சிவப்பணுக்கள் 500 ஆகும். சென்சாரின் மேல் வரும் சேனல் பகுதியில் சுமார் 90 செல்கள் இருக்கும். 1,000 மடங்கோடு நிறுத்தினால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எண்ணிக்கையே தப்பாகும். செல்கள் நகர்வதால் பின்னணியை நீக்குவது சுலபம்: 50 படங்களின் மீடியன் (நடு மதிப்பு) எடுத்துக் கழித்தால் சிப்பின் கீறலும் தூசியும் போய்விடும்.

எண்ணவும், 5 மைக்ரானுக்கு மேற்பட்ட செல்களை அளவு வாரியாகப் பிரிக்கவும் தாராளமாக வாங்கலாம். உட்கரு வடிவமோ பாக்டீரியாவோ வேண்டுமென்றால் இது ஆகாது. வேகமான ஓட்டத்துக்கு எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் பதிக்கும், ஐஎம்எக்ஸ்296 சென்சார் உள்ள குளோபல் ஷட்டர் கேமரா மேல். ஆனால் அதன் பிக்சல் 3.45 மைக்ரான், சிவப்பணு இரண்டு பிக்சலுக்குச் சற்று மேலேதான் வரும்.