"எல்லாம் காப்பர்தான் சார்" என்று அலுமினியத்தை இழுத்துவிட்டுப் போனவர்

வாடகை வீட்டுக்கு வெளியே கேமராவோ வைஃபை பெட்டியோ மாட்ட ஆளைக் கூப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். எனக்கு வேலை செய்தவரின் பெயரையோ கடைப் பெயரையோ போடப் போவதில்லை. இதே தில்லுமுல்லைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

என் தேவை சின்னதுதான். வாசலில் ஒரு கேமரா, பின்பக்கம் ஒரு கேமரா, மாடியில் வைஃபை பரப்பும் ஒரு பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட். வெளியே எங்கும் பிளக் பாயின்ட் இல்லை. புதிதாக மின்வயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அதனால்தான் பவர் ஓவர் ஈதர்நெட், அதாவது பிஓஇ. ஒரே நெட்வொர்க் கேபிளில் டேட்டாவும் போகும், கரண்டும் போகும்.

வந்தவரிடம் நேரில் சொன்னதோடு வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். கேபிள் முழுச் செம்பாக, வெளியில் போடும் ரகமாக இருக்க வேண்டும். கேமரா இரண்டுக்கும் முறையான பிஓஇ சுவிட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்களை இணைத்து அவற்றிலேயே கரண்டும் கொடுக்கும் பெட்டி, வைக்க வேண்டும். சுவரில் புது ஓட்டை கூடவே கூடாது, ஏசி பைப் போகும் துளையிலேயே கேபிளை விட வேண்டும். "எல்லாம் காப்பர்தான் சார், நம்மகிட்ட அந்தக் கவலையே வேண்டாம்" என்றார். நான் உள்ளே ஆபீஸ் காலில் இருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. பட்டப்பகலில் போனில் படம் பளிச்சென்று தெரிந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருட்டியதும் ஆரம்பித்தது. பின்பக்கக் கேமரா அணைந்தது, கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் பெற்றது, மறுபடி அணைந்தது. விடியும்வரை இதே கதை. விடிந்ததும் சமர்த்தாக ஓடியது. காரணம் லேசானது. இருட்டில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், மின்தேவை ஏறும். கேபிளில் வரும் கரண்ட் போதவில்லை என்றால் அந்த நொடியில் கேமரா படுத்துவிடும். பகலில் டெஸ்ட் செய்து காட்டினால் இது வெளியே வரவே வராது.

போன் செய்தேன். முதலில் கேமரா ஃபால்ட் என்றார், வேறு வாங்கித் தருகிறேன் என்றார். அப்புறம் ரவுட்டர் சரியில்லை. அதற்கு அப்புறம், தூரம் அதிகம். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு. என் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாலும் அதில் பாதி வராது.

கேமராவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, அவர் வைத்த அதே அடாப்டரில் என்னிடம் இருந்த ஒரு நல்ல சின்னக் கேபிளால் இணைத்து, அறையை இருட்டாக்கி வைத்தேன். ராத்திரி முழுக்க ஒரு முறைகூட அணையவில்லை. கேமராவில் குற்றமில்லை.

அவர் இழுத்த கேபிளின் நுனியை வெட்டி, ஒரு கம்பியைப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். ரெண்டு இழுப்பு இழுத்ததும் உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். கவரிங் நகை மாதிரிதான். கடைக்காரர்கள் இதை சிசிஏ என்பார்கள், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. நெட்வொர்க் கேபிளுக்கான தரவிதிகள் இதை ஏற்பதே இல்லை. செம்போடு ஒப்பிட்டால் மின்தடை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அதனால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும், கேபிள் சூடாகும். நாலு தடவை மடக்கினால் கம்பி முறிந்தும் போகும்.

அதோடு விடவில்லை. நான் கேட்ட பிஓஇ சுவிட்சும் இல்லை. கேமராவோடு வரும் 12 வோல்ட் அடாப்டரை, ஸ்பிளிட்டர் என்று விற்கிற ஒரு ஜோடி சின்ன வயர் வழியாக நெட்வொர்க் கேபிளுக்குள் திணித்திருந்தார். நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் போவதால் அதுவும் பிஓஇ மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் முறையான பிஓஇ போவது 48 வோல்ட் வாக்கில். அதே வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப நாலு மடங்கு கரண்ட் வேண்டும். கம்பியில் வீணாகும் மின்சாரம் கரண்டின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே பதினாறு மடங்கு. இதில் கம்பியும் அலுமினியம் என்றால் கேட்கவே வேண்டாம். வாசல் கேமரா கிட்டத்தில் இருந்ததால் தப்பித்தது.

2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் சுவிட்சிலிருந்து 15.4 வாட் கிளம்பினால், கேமராவில் 12.95 வாட் கைக்கு வரும் என்றுதான் கணக்கு. இடையில் உள்ள இரண்டரை வாட் கேபிள் தின்பதற்கு விட்டது, அதுவும் முழு 100 மீட்டருக்கு. தரமான சுவிட்ச் கரண்டை விடுவதற்கு முன், எதிரே பிஓஇ கருவிதானா என்று ஒரு 25 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விடும். இந்த ஸ்பிளிட்டர் எதையும் பார்க்காது, எது மாட்டியிருந்தாலும் கரண்ட் போகும். தவறிப்போய் லேப்டாப்பை அதில் செருகினால் அதன் போர்ட் போய்விடலாம்.

இதையெல்லாம் கழற்றி மாற்றிவிடலாம், சரி. மாற்ற முடியாதது சுவர். ஏசி துளைக்குக் கேபிள் எட்டவில்லை என்று மாடிக்குப் போகும் கேபிளுக்காக ஜன்னலுக்கு மேலே டிரில் போட்டிருந்தார், என்னைக் கேட்காமலே. அதுவும் வெளியிலிருந்து உள்பக்கமாகச் சரிவு. வெளிப்பக்கம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது டிரில் பிடிக்கிற எவருக்கும் தெரியும். கேபிள் மேலிருந்து நேராக ஓட்டைக்குள் இறங்கியது. நுழையும் இடத்துக்கு முன் தண்ணீர் சொட்டிப்போக ஒரு தொங்கல் விட வேண்டும், அது இல்லை. சீலன்ட் இல்லை. கேபிளும் வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறப் பிவிசி ரகம், வெயில் பட்டால் தோல் வெடிக்கும். வெளியில் போடுவது கறுப்புப் பாலிஎத்திலீன் உறை உள்ளது.

முதல் மழையிலேயே தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, ஆக்சஸ் பாயின்ட்டோடு வந்த இன்ஜெக்டர், அதாவது கேபிளில் கரண்ட் ஏற்றும் சின்னப் பெட்டி, வரை போய்விட்டது. ஜாக்கைப் பிடுங்கிப் பார்த்தால் பின்களில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. ஈரத்தில் டிசி கரண்ட் ஓடினால் அரிப்பு அப்படித்தான் வேகமாக ஏறும். ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் உப்பி நிற்கிறது. முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

சுரண்டிய கம்பியின் படத்தையும், நான் முன்பே எழுதிய செய்தியையும் சேர்த்து அனுப்பினேன். "எல்லாரும் இதான் சார் போடுறாங்க" என்று பதில் வந்தது. பில்லில் வெறுமனே "கேபிள், லேபர்" என்றுதான் இருக்கிறது. அந்தச் செய்தி கையில் இருந்ததால்தான் கேபிள் காசையாவது திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே கேபிள் பெட்டி வந்ததும், ஒரு மீட்டர்கூட உள்ளே போகும் முன், நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உறையின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். சில கம்பெனிகள் சிசிஏ என்று வெளிப்படையாகவே போடும். எதுவுமே அச்சிடாத கேபிள் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பில்லில் "முழுச் செம்பு, வெளி உபயோகம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மழுப்புகிறவரை வேலைக்கு வைக்காதீர்கள். ஓட்டைக்குப் பதில் ஜன்னல் இடுக்கில் போகும் தட்டைக் கேபிளைச் சிலர் காட்டுவார்கள். அதன் கம்பிகள் முடி மாதிரி மெல்லியவை. கரண்ட் ஏற்றி நிரந்தரமாக விட ஆகாது. டிரில்லை எடுக்கிற நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். ராத்திரி ஓடிக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இப்போது வேறொருவர் ஏசி துளை வழியாகவே செம்புக் கேபிள் போட்டு, பிஓஇ சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறார். "எட்டவில்லை" என்ற பேச்சே அவரிடம் எழவில்லை. இருட்டிலும் ஓடுகிறது. பழைய ஆளிடமிருந்து கூலிப் பணமும், சுவரைப் பூசும் செலவும் வர வேண்டியிருக்கிறது. போனை எடுப்பதில்லை. வந்தால் இதிலேயே எழுதுகிறேன்.