கூலூம் கேஜா, லாரன்ஸ் கேஜா?

கடலூரில் ஓர் ஆன்டெனாவில் மின்னூட்டம் அசைகிறது என்று வையுங்கள். நேர்கோட்டில் சுமார் 21 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரி கடற்கரையில் மின்புலம் 70 மைக்ரோவினாடி கழித்துத்தான் மாறும். மின்காந்தப் புலத்தை ஸ்கேலர் (எண் மட்டும்), வெக்டர் (திசையும் உண்டு) என்ற இரு பொட்டென்ஷியல்களிலிருந்து கணக்கிடுவோம்; அவற்றைத் தேர்ந்தெடுக்க நாமே வைக்கும் நிபந்தனைதான் கேஜ். எந்தக் கேஜ் எடுத்தாலும் இதில் மாற்றமில்லை.

கூலூம் கேஜில் வெக்டர் பொட்டென்ஷியலின் டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து வெளியே விரியும் அளவு) பூச்சியம். ஸ்கேலர் பொட்டென்ஷியல், காலத் தாமதமே இல்லாத பாய்சான் சமன்பாட்டுக்கு அடங்குவதால் புதுச்சேரியில் அந்தக் கணமே மாறிவிடும். ஒளியை முந்திவிட்டதே என்று பதற வேண்டாம்: அளக்கக்கூடியது புலம்தான். வெக்டர் பொட்டென்ஷியலின் கால வகைக்கெழு அந்த அவசரத்தைச் சரியாகக் கழித்துவிடும். மாணவர்கள் சறுக்குவது வேறிடத்தில். இங்கே வெக்டர் பொட்டென்ஷியலுக்கு மூலம் முழு மின்னோட்டம் அல்ல, அதன் குறுக்குக் கூறு (டைவர்ஜென்ஸ் இல்லாத பகுதி) மட்டும். கம்பி கடலூரிலேயே முடிந்தாலும் அந்தக் கூறு வெளியெங்கும் பரவிக் கிடக்கும். மறந்துபோய் முழு மின்னோட்டத்தைப் போட்டால் விடை தப்பு.

லாரன்ஸ் கேஜில் வெக்டர் பொட்டென்ஷியலின் டைவர்ஜென்ஸுடன், ஸ்கேலர் பொட்டென்ஷியலின் கால வகைக்கெழுவை ஒளிவேக வர்க்கத்தால் வகுத்துக் கூட்டினால் பூச்சியம். இது எஸ்.ஐ. அலகில், காஸியன் என்ற இன்னோர் அலகு முறையில் வர்க்கம் கிடையாது. இரண்டு பொட்டென்ஷியலுக்கும் அலைச் சமன்பாடு, இரண்டுக்கும் அதே தாமதம். ஆன்டெனாவுக்கு இதுவே லேசு: வெக்டர் பொட்டென்ஷியலைக் கண்டால் போதும், நிபந்தனையே மற்றதைத் தந்துவிடும். பெயர் டென்மார்க்கின் லுட்விக் லாரன்ஸுடையது (1867); நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் லாரன்ட்ஸுடையது அல்ல.

மின்னூட்டமே இல்லாத வெளியில் அலையா? கூலூம்தான். ஸ்கேலர் பூச்சியமாகி, இரு தளவிளைவு நிலைகள் (மின்புலம் அதிரும் திசைகள்) மட்டும் மிஞ்சும். காலத்தால் மாறாத மின்னோட்டமென்றால் இரண்டு நிபந்தனையும் ஒன்றே.