கப்பல் அறையில் கெட்டிலா, மிஷினா, பிளாஸ்க்கா?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இருந்து இரண்டு முறை சுற்றுலாக் கப்பல் ஏறியிருக்கிறோம். முதல் முறை ஸ்பெயின் பக்கம், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கப்பலில். அறையில் கெட்டில் கிடையாது. இரண்டாவது முறை நார்வே, பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஐயோனா கப்பலில். அறைக்குள் நுழைந்ததும் மேசை மேல் ஒரு தட்டு. அதில் கெட்டில், கோப்பைகள், டீ பேக், காப்பிப் பொட்டலம், விரல் நுனி அளவுக்குப் பால் டப்பாக்கள். மூன்றாவது பயணத்துக்கு முன்பணம் கட்டும்போது நாங்கள் முதலில் விசாரித்தது அந்தத் தட்டைப் பற்றித்தான். காரணம் அத்தை.

என் மாமியாருக்கு 74 வயது. கோயம்புத்தூர்க்காரர், எங்களோடு வந்து இருக்கும் மாதங்களில் பயணத்துக்கும் கூட வருவார். காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். முதலில் ஒரு டம்ளர் வெந்நீர், அதோடு தைராய்டு மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் கழித்து டீ. முப்பது வருடப் பழக்கம். அந்த டீ உள்ளே போகும் வரை யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

அமெரிக்கக் கப்பலில் முதல் நாள் விடியலில் என்னை மெதுவாகத் தட்டி எழுப்பினார். "ஏங்கண்ணு, இங்க வெந்நீர் எங்க கிடைக்கும்?" பஃபே இருந்த தளம் எங்கள் அறைக்கு எட்டு மாடி மேலே. உடை மாற்றி, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து, கையில் கோப்பையோடு ஆடும் நடைபாதையில் திரும்பி வந்தேன். இரண்டாம் நாளிலிருந்து ரூம் சர்வீஸில் பிளாஸ்க் கேட்டோம். ராத்திரியே அட்டையில் குறித்துக் கதவில் மாட்டிவிட வேண்டும். அட்டையில் இருந்த முதல் நேரமே ஆறு மணி. கொண்டுவந்தவர் சிரித்த முகம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த பிளாஸ்க் தண்ணீரில் போட்ட டீயை அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "நிறம் இருக்குது, டீயைக் காணோம்" என்றார். அந்த ஒரு வாரமும் அவர் நல்ல டீ குடிக்கவே இல்லை. எனக்கு அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

விலை, வசதி, வரிசையில் நிற்பது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளலாம். அவை பெரிய விஷயமே இல்லை. பிளாஸ்க்கையும் கெட்டிலையும் பிரிப்பது தண்ணீரின் சூடு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும். சூடான தண்ணீர் போதாது, கொதிக்க வேண்டும். தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. நூறு மில்லிக்கு இரண்டு கிராம் தேயிலை, அதன் மேல் கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிடம் ஊறல். காரணம் எளிது. நிறம் குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் கனமும் முழுதாக இறங்கத்தான் சூடு வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற நமக்கு அந்தக் கனம் இல்லாவிட்டால் கோப்பையில் மிஞ்சுவது நிறம் போட்ட பால் தண்ணீர்தான்.

இப்போது பிளாஸ்க்கின் பாதையைப் பாருங்கள். சமையலறையில் பிடிக்கும்போது தண்ணீர் சூடாகத்தான் இருந்திருக்கும். குளிர்ந்த பிளாஸ்க்குக்குள் விழுந்ததும் கொஞ்சம் இறங்கும். வண்டியில் ஏறி, பல கதவுகளில் நின்று, நம் கதவுக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். கனமான பீங்கான் கோப்பையில் ஊற்றும்போது மறுபடியும். வீட்டுக்கு வந்ததும் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். கெட்டிலில் இருந்து நேராகக் கனமான கோப்பையில் ஊற்றிய தண்ணீரே 90 டிகிரியைத் தாண்டவில்லை. அப்படியிருக்க, அரை மணி நேரம் பிளாஸ்க்கில் பயணம் செய்த தண்ணீர் என்ன செய்யும்? அன்றிலிருந்து நான் கோப்பையை முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சூடாக்கிவிட்டுத்தான் டீ பேக்கைப் போடுகிறேன். அறையில் கெட்டில் இருந்தால் இதைச் செய்யலாம். பிளாஸ்க்கில் இருக்கும் இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஒன்றைக் கழுவுவதற்குச் செலவழிக்க மனம் வராது.

காப்பி மட்டும் குடிப்பவர்களுக்கு இந்தக் கதை அவ்வளவு பொருந்தாது. இன்ஸ்டன்ட் காப்பி 80 டிகிரியிலும் கரையும். என் கணவர் அமெரிக்கக் கப்பலில் வந்த பிளாஸ்க் காப்பியை ரசித்தே குடித்தார். காப்பிக்காரர் தனியாகப் போகிறார், காலையில் சாவகாசமாக எழுகிறார் என்றால் கெட்டில் இல்லாத கப்பலை ஒதுக்கத் தேவையே இல்லை.

அப்புறம் மிஷின். சில நிறுவனங்கள் சூட் (suite) என்கிற பெரிய, விலை கூடிய அறைகளில், காப்பித் தூள் அடைத்த காப்ஸ்யூல் போடும் மிஷின் வைக்கின்றன. கப்பலில் இதை நான் பயன்படுத்தியதில்லை. கப்பல் ஏறும் முந்தைய இரவு சவுத்தாம்ப்டனில் தங்கிய ஓட்டல் அறையில் இருந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். கறுப்புக் காப்பிக்கு அருமை. நுரையோடு, மணத்தோடு வருகிறது. ஆனால் அதிலிருந்து வெறும் வெந்நீர் பிடித்து டீ போட்டால், கொதிநிலைக்குக் கீழே வருகிற தண்ணீர், அதுவும் காப்பி வாசனையோடு. அத்தை மாத்திரைக்கு அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை. ஒரு வேளைக்கு ஒரு காப்ஸ்யூல் என்று குப்பையும் சேருகிறது. இதற்காக சூட் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்க நான் மாட்டேன்.

சரி, அமெரிக்க நிறுவனங்கள் ஏன் கெட்டில் வைப்பதில்லை? நெருப்புப் பயம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பல் ஜமைக்காவை நெருங்கும்போது ஒரு பால்கனியில் பிடித்த தீ பல அறைகளை எரித்தது. ஒரு பயணி இறந்தார். அணைக்கப்படாத சிகரெட் என்றுதான் சந்தேகிக்கப்பட்டது. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது, ஊழியர்களே அணைக்க வேண்டும். அதனால் ராயல் கரீபியனும் கார்னிவலும் சூடாக்கும் சாதனங்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது என்று தடை செய்திருப்பதில் நியாயம் இருக்கிறது. பெட்டியில் எந்த ஊர் கெட்டில், என்ன வயர் என்று யாருக்குத் தெரியும்? ஊரிலிருந்து கெட்டில் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கப்பல் அறைகளில் 110 வோல்ட் பிளக் இருக்கும். நம் ஊர் 230 வோல்ட் கெட்டிலை அதில் மாட்டினால் கால் பங்கு சக்திகூட வராது. இரண்டு நிமிட வேலைக்கு எட்டு, ஒன்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் கப்பலே வைக்கிற கெட்டில் வேறு. கொதித்ததும் தானே அணையும், அந்தக் கப்பலின் மின்சாரத்துக்கு ஏற்றது, ஊழியர்கள் தினமும் பார்ப்பது. பி அண்ட் ஓ, குனார்ட், ஃப்ரெட் ஓல்சன், மரெல்லா என்று பிரிட்டிஷ் பயணிகளை நம்பி ஓடும் நிறுவனங்கள் எல்லாம் அறையில் டீ போட வசதி வைக்கின்றன. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பி அண்ட் ஓ குரூசஸ், குனார்ட், கார்னிவல் மூன்றுமே 2003-இல் இருந்து ஒரே தாய் நிறுவனத்தின் கீழ்தான் இருக்கின்றன. கெட்டில் தன்னளவில் அவ்வளவு ஆபத்து என்றால் ஒரு பிள்ளையின் வீட்டில் வைத்து இன்னொரு பிள்ளையின் வீட்டில் தடுப்பார்களா? அறையில் டீ இல்லாவிட்டால் பிரிட்டிஷ்காரர் சும்மா இருக்கமாட்டார், அமெரிக்கருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஐயோனாவில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன டப்பா பால் எனக்குப் பிடிக்கவில்லை. நீண்ட நாள் கெடாமலிருக்கச் சூடாக்கிய பாலின் வாடை டீயில் தூக்கலாக அடிக்கிறது. ராத்திரி பஃபேயில் ஒரு கோப்பை பச்சைப் பால் வாங்கி வந்து அறைக் குளிர்பெட்டியில் மூடி வைத்துவிடுவோம். அடுப்பில் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்கிற நம் டீ கிடைக்காது. பாலை ஊற்றிக் கெட்டிலில் காய்ச்சுவதை நினைத்தும் பார்க்காதீர்கள், அடுத்து வருகிறவருக்கு அந்தக் கெட்டில் உதவாது. கடல் ஆடும் இரவுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்ப வேண்டாம். பிஸ்கே விரிகுடா மாதிரி இடத்தில் கொதிநீரோடு விளையாடக் கூடாது.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. கப்பலில் நல்ல தண்ணீரைப் பெரும்பாலும் கடல்நீரிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். சுண்ணாம்பு குறைவு. லண்டன் தண்ணீரில் டீ மேல் படிகிற அந்த ஏடு போன்ற படலம் அங்கே வரவில்லை. டீ பளிச்சென்று இருந்தது. ஒரு நாள் மட்டும் லேசாகக் குளோரின் வாடை அடித்தது. கொதித்ததும் மூடியைத் திறந்து சற்று நேரம் விட்டதும் குறைந்தது.

நான் கையோடு ஒரு சின்ன எவர்சில்வர் ஃபில்டரும் கால் கிலோ காப்பித் தூளும் கொண்டுபோயிருந்தேன். ஃபில்டரில் சூடாக்கும் பாகம் எதுவும் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை. ராத்திரி கெட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குள் கெட்டி டிகாக்ஷன் இறங்கியிருக்கும். பால் காய்ச்ச வழியில்லை என்பதால் டிகாக்ஷனில் கொஞ்சம் கொதிநீர் கலந்து, பச்சைப் பால் சேர்த்துக் குடித்தோம். வீட்டுக் காப்பி ஆகாது. இருந்தாலும் பொட்டலக் காப்பியை நாங்கள் தொடவில்லை.

நார்வேயில் ஓல்டன் என்ற ஊருக்குப் போன அன்று கப்பல், மலைகளுக்கு நடுவே நீளும் நோர்ட்ஃபியோர்டு என்ற கடல் நீர்வழிக்குள் விடியலில் நுழைந்தது. கோடைகாலம், அந்த நேரத்துக்கே நல்ல வெளிச்சம். நான் விழித்தபோது அத்தை சால்வை போர்த்தி பால்கனியில் உட்கார்ந்திருந்தார், கையில் டீ. யாரையும் எழுப்பவில்லை. தானே தண்ணீர் வைத்து, மாத்திரை போட்டு, டீயும் கலந்திருந்தார். "உனக்கும் வச்சிருக்கேன் கண்ணு, ஆறுறதுக்குள்ள எடுத்துக்கோ" என்றார். இந்த முறை செலவைக் குறைக்க ஜன்னல் இல்லாத உள்ளறைதான் எடுத்திருக்கிறோம். பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். உள்ளறையிலும் கெட்டில் உண்டு.