திங்கள்கிழமை மனுவா, பத்து ரூபாய் ஆர்.டி.ஐ.யா?

தங்கச்சியின் கல்லூரி உதவித்தொகை கைவிட்டுப் போனபோது எங்களுக்கு மூன்று வழி இருந்தது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு, முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு போன், அப்புறம் தகவல் உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.ஐ. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. நான் ஆர்.டி.ஐ. கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் வருமானச் சான்றில். தங்கச்சி சேர்ந்த படிப்புக்கு பி.சி., எம்.பி.சி. உதவித்தொகை கிடைக்க, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் சான்றில் இருந்தது 2,55,500. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். புதுமைப்பெண் திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது, ஆனால் தங்கச்சி படித்தது தனியார் மெட்ரிக் பள்ளியில், அங்கே படித்தவர்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது, ஆகவே அதில் வரும் மாதம் 1,000 ரூபாயும் இல்லை.

1100-ஐ ஒரே தடவைதான் அழைத்தேன், மரியாதையாகப் பேசிப் பதிவு செய்துகொண்டார்கள். அதை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டேன்.

மனுவுக்கு பஸ் காசு தவிர செலவில்லை. யாராவது ஃபைலை அமுக்கி வைத்திருந்தால் இதுதான் நல்ல வழி. ஆனால் நிராகரிப்பு என்று வந்தால், மனு மேலேயிருந்து இறங்கி, சான்று கொடுத்த அதே ஆபீஸுக்குத்தான் போய்ச் சேர்கிறது. எங்களுக்கு வந்த பதில் ஒரே வரி: விசாரணையின் அடிப்படையில் சான்று வழங்கப்பட்டுள்ளது. என்ன விசாரணை, யார் செய்தது, ஒன்றும் இல்லை.

அந்த விசாரணைக் காகிதம் கையில் வராமல் எதை எதிர்த்து வாதாடுவது? ஆர்.டி.ஐ.யை நான் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று 2005-ஆம் வருடச் சட்டத்தின் 4(1)(d) பிரிவே சொல்கிறது. இருந்தாலும் 'ஏன் நிராகரித்தீர்கள்' என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல, விளக்கம் என்று தட்டிக் கழிக்க இடம் கொடுக்கும். கள விசாரணை அறிக்கையின் நகல், ஃபைலில் அதிகாரிகள் எழுதிய குறிப்புத்தாளின் நகல் என்று காகிதத்தைக் கேளுங்கள்.

27-ஆவது நாள் நகல் வந்தது. அதில் பேனாவால் ஒரு கணக்கு: 700 x 365. அவ்வளவுதான் விசாரணை. (2,55,500-ஐ 365-ஆல் வகுத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அது வேறு.) ரப்பர் இலை உதிர்க்கும் மாதங்களில் வெட்டு கிடையாது, மழை பிடித்தாலும் கிடையாது. "கிறிஸ்மஸுக்கும் சேர்த்தா வெட்டினேன்?" என்றார் அப்பா.

தோட்டக்காரரிடம் வெட்டு நாட்கள் எத்தனை என்று கடிதம் வாங்கினோம். 200 நாள். அதையும் நகலையும் இணைத்து, இ-சேவையில் 60 ரூபாய் கட்டி மறுபடி விண்ணப்பித்தோம். இந்தத் தடவை சான்றில் 1,40,000.

ஆர்.டி.ஐ. காகிதத்தைத்தான் தரும், பணத்தை உத்தரவிடாது. இரண்டாம் மேல்முறையீடு வரை போகும் அவசியம் எனக்கு வரவில்லை, அந்தப் பாதை எப்படி என்று போனவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த 30 நாளுக்கும் விலை உண்டு: புதுச் சான்று கைக்கு வருவதற்குள் அந்த வருட விண்ணப்பம் மூடிவிட்டது, முதலாண்டுக் கட்டணத்தை அம்மாவின் கம்மலை அடகு வைத்துத்தான் கட்டினோம். மனுவுக்கு அலைந்த இரண்டு மாதத்தை மிச்சம் பிடித்திருந்தால் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.