24×9 குரோ பேக்: மாடித் தோட்டத்துக்குச் சரிப்படுமா?

மாடித் தோட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் 12×12 அங்குல குரோ பேக்கைத்தான், அதாவது செடி வளர்க்கும் பையைத்தான், அடுக்குகிறார்கள். ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக நிற்கும்போது நர்சரி கிடங்கு மாதிரிதான் இருக்கும். 24 அங்குல அகலம், 9 அங்குல உயரம் கொண்ட எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) பை அந்தக் குறையைப் போக்குகிறது. தாழ்வாக இருப்பதால் பின்னால் நிற்கும் 15×15 பையின் கத்தரியும் தக்காளியும் மறையாமல் தெரியும். ஒரே பையில் நடுவில் மிளகாய், சுற்றிலும் சிறுகீரை, விளிம்பில் புதினா என்று வட்டமாக நடலாம். புதினாவை மட்டும் அடிக்கடி கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் பை முழுக்க அதுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு அடி கயிறும் சாக்பீஸும் எடுத்து, மாடியில் வட்டம் போட்டுப் பாருங்கள். நடக்க வழி குறைந்தது ஒன்றரை அடி வேண்டும். கொடிப் பந்தலை வடக்கு அல்லது மேற்கு ஓரத்தில் வைத்தால் மற்ற செடிகளுக்குக் காலை வெயில் மறையாது, மேற்குப் பந்தல் மாலை வெயிலை மட்டும் தடுக்கும்.

எடைதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். விளிம்புவரை நிரப்பினால் 65 லிட்டருக்கு மேல் பிடிக்கும். மேலே 2 அங்குலம் விட்டால் 50 லிட்டர் சொச்சம், நனைந்தபின் 55 முதல் 60 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் சுமை ச.மீட்டருக்கு சுமார் 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. பைக்கு ஒதுக்கும் 2×2 அடி, அதாவது 4 சதுர அடி இடத்துக்கு 56 கிலோ; நனைந்த பை ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதனால் நெருக்கி வைக்காமல், சுவர், பீம் ஓரமாக இடம்விட்டு வையுங்கள். முழுக்க மண் போட்டால் எடை இன்னும் ஏறும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, கூட ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போதும்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த தண்ணீர் டீ நிறத்தில் வடியும். அது வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாவிட்டால் உப்பு தங்கி, நாற்றின் இலை நுனி கருகும்.

பையின் பெரிய பலவீனம் அடிப்பாகம். மூன்று செங்கல் மேல் வைத்தால் நடுப்பகுதி தொய்ந்து, தண்ணீர் அங்கே தேங்கி வேர் அழுகும். பக்கவாட்டில், அடிப்பாகத்திலிருந்து ஒரு அங்குலம் மேலே இருக்கும் துளை அதை வடிக்காது. ஐந்தாறு செங்கல்லோ மரப் பலகையோ வேண்டும். துளைக்கு உள்ளே ஓட்டுச் சில்லு ஒன்று சாய்த்து வைத்தால் நார் அடைக்காது.

220 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) குறையாமல், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் யுவி பாதுகாப்புள்ளதாகப் பாருங்கள். துணியைவிடத் தையல் நூல்தான் முதலில் இற்றுப்போகும், ஆகவே இரட்டைத் தையல் முக்கியம். கைப்பிடி வெறும் பைக்குத்தான். நிரப்பியபின் பிடித்துத் தூக்கினால் தையலோடு பிய்ந்துவிடும், எனவே இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

வெள்ளை வெளிப்புறம் உள்ளதையே எடுக்கலாம், கறுப்பு சித்திரை வெயிலில் வேரைச் சுட்டுவிடும். முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் இந்த ஆழம் பற்றாது.